ஹாட்ரான் மூலக்கூறா, இல்லையா? முதல் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

குவார்க் மூன்று சேர்ந்தால் பேரியான், ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்தால் மீசான் என்று சொல்லிவிட்டுப் பாடப்புத்தகம் நிறுத்திக்கொள்ளும். 2003-இல் ஜப்பானின் சுகுபாவில் இருக்கும் கேஇகே ஆய்வகத்தில் பெல் குழு எக்ஸ்(3872) என்ற ஒன்றைக் கண்டுபிடித்தது. அன்றிலிருந்து அந்த இரண்டு பெட்டிகளிலும் அடங்காத துகள்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. நான்கு குவார்க், ஐந்து குவார்க் என்று எண்ணிக்கை கூடியதும் ஒரு கேள்வி தானாக வரும்: உள்ளே இருக்கும் குவார்க்குகள் எல்லாம் ஒரே உருண்டையாகப் பிசைந்து கிடக்கின்றனவா, அல்லது இரண்டு ஹாட்ரான்கள் தனித்தனி உருண்டைகளாகவே இருந்து லேசாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவா? இரண்டாவது படத்துக்குத்தான் ஹாட்ரான் மூலக்கூறு என்று பெயர். புரோட்டானும் நியூட்ரானும் ஒட்டி நிற்கும் டியூட்டிரான் இதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பும் எம்.எஸ்சி. மாணவருக்காக, அல்லது ஆராய்ச்சியில் முதல் ஆண்டில் இருப்பவருக்காக எழுதுகிறேன். குவாண்டம் புலக் கோட்பாட்டைக் கரைத்துக் குடித்த பிறகுதான் இதைத் தொட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குவாண்டம் இயக்கவியலில் சிதறல் பாடம், கொஞ்சம் பைத்தான், துகள்களின் நிறைப் பட்டியல், ஒரு கால்குலேட்டர் இருந்தால் முதல் நாளே உருப்படியான எண் ஒன்றைக் கையில் பிடித்துவிடலாம். அந்த எண்ணில் எவ்வளவு இயற்கை சொன்னது, எவ்வளவு நாம் வைத்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் உண்மையான வேலை. பலர் அந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஆங்கில D, T இரண்டையும் தமிழில் டி என்றே எழுத வேண்டியிருப்பது பெரிய தலைவலி. இங்கே டி என்றால் சார்ம் குவார்க் உள்ள மீசான் மட்டும்தான். அதே மீசானின் ஸ்பின் ஒன்று உள்ள வடிவம் டி-ஸ்டார். எதிர்த்துகள் டி-பார். நிறைகள் எல்லாம் மெகா எலக்ட்ரான்வோல்ட்டில், சுருக்கமாக எம்இவி. நீளங்கள் ஃபெர்மியில், அதாவது 10⁻¹⁵ மீட்டரில்.

முதலில் வாசலைப் பாருங்கள்

இரண்டு ஹாட்ரான்களின் நிறைகளைக் கூட்டினால் வருவது அந்த ஜோடியின் வாசல். செமினாரில் எல்லோரும் த்ரெஷோல்ட் என்றுதான் சொல்வோம், ஆனால் வாசல் என்ற சொல்லே பொருத்தமாக இருக்கிறது. அந்த ஆற்றலுக்கு மேலே போனால் இரண்டும் தனித்தனியாக வெளியே நடந்துவிடலாம், கீழே இருந்தால் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

எக்ஸ்(3872)-க்குப் போட்டுப் பார்ப்போம். மின்சுமை இல்லாத டி மீசானின் நிறை 1864.84. மின்சுமை இல்லாத டி-ஸ்டார் 2006.85 (ஜோடியில் ஒன்று எதிர்த்துகள், ஆனால் நிறை அதேதான்). கூட்டினால் 3871.69. எக்ஸின் அளந்த நிறை 3871.65. வித்தியாசம் 0.04 எம்இவி. அளவீட்டுப் பிழையும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால் வாசலுக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்றுகூடத் திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை. டியூட்டிரானின் பிணைப்பு ஆற்றல் 2.22 எம்இவி. அதையே நாம் பலவீனமான பிணைப்பு என்று சொல்லிப் பழகியவர்கள்.

வாசல் அருகில் இருக்கிறது என்பதற்காக இந்த இடத்திலேயே மூலக்கூறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சார்ம் குவார்க் உள்ள ஹாட்ரான்கள் ஏராளம், அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் வாசல்கள் நெருக்கமாக வந்து குவியும். எந்தத் துகளை எடுத்தாலும் பக்கத்தில் ஏதாவது ஒரு வாசல் இருக்கத்தான் செய்யும். அதனால் நிறையைப் பார்த்த கையோடு இன்னும் இரண்டைச் சரிபாருங்கள்.

ஒன்று, ஜோடியில் இருக்கும் ஒவ்வொரு ஹாட்ரானின் அகலம், அதாவது அதன் நிறையில் உள்ள பரவல்; அகலம் கூடினால் ஆயுள் குறைவு. மின்சுமை உள்ள டி-ஸ்டாரின் அகலம் 0.083 எம்இவிதான், அதாவது அது நிதானமாக வாழ்ந்து சாகும், நடுவில் இன்னொரு மீசானோடு பிணைந்துகொள்ள நேரம் இருக்கிறது. டி-ஒன்று(2420)-இன் அகலம் சுமார் 30, சமாளிக்கலாம். ஆனால் 200-க்கு மேல் அகலம் உள்ள டி-பூஜ்யம்-ஸ்டார்(2300)-ஐ ஒரு கையில் வைத்துக்கொண்டு மூலக்கூறு கட்டுகிறேன் என்று கிளம்பினால், இரண்டும் ஒன்றை ஒன்று பார்ப்பதற்குள் அது சிதைந்து போயிருக்கும். அகலமான உறுப்பு ஒன்றை வைத்து மெல்லிய துகளை விளக்க முடியாது.

இரண்டாவது, குவாண்டம் எண்கள். வாசலுக்கு மிக அருகில் இருக்கும் மூலக்கூறு எஸ்-அலையில், அதாவது சுற்றுப்பாதைக் கோண உந்தம் பூஜ்யமாக, இருக்க வேண்டும், கோண உந்தம் வந்தால் அதன் மையவிலக்குத் தடை பிணைப்பைக் கெடுத்துவிடும். டி ஸ்பின் பூஜ்யம், பாரிட்டி மைனஸ். டி-ஸ்டார் ஸ்பின் ஒன்று, பாரிட்டி மைனஸ். எஸ்-அலையில் சேர்த்தால் ஸ்பின் ஒன்று, பாரிட்டி பிளஸ். எக்ஸ்(3872) ஸ்பின் ஒன்று, பாரிட்டி பிளஸ், சார்ஜ் பாரிட்டி (துகளையும் எதிர்த்துகளையும் மாற்றினால் வரும் குறி) பிளஸ் என்று செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி முடுக்கியில் இயங்கும் எல்எச்சிபி குழு 2013-இல் உறுதி செய்தபோது இந்தப் பொருத்தமும் சரியாக விழுந்தது. வேறு எண் வந்திருந்தால் எஸ்-அலை மூலக்கூறு என்ற பேச்சு அன்றைக்கே முடிந்திருக்கும்.

அளவு என்ன வருகிறது?

அடுத்து ஒரு வரிக் கணக்கு. பிணைப்பு உந்தம் = √(2 × சுருக்கிய நிறை × பிணைப்பு ஆற்றல்). சுருக்கிய நிறை என்பது இரண்டு நிறைகளின் பெருக்கலைக் கூட்டலால் வகுப்பது. அந்த உந்தத்தால் 197.3-ஐ (எம்இவி-ஃபெர்மி அலகில் ħc) வகுத்தால் மூலக்கூறின் குறிப்பளவு ஃபெர்மியில் வந்துவிடும்.

எக்ஸுக்குச் சுருக்கிய நிறை 966.6. பிணைப்பு ஆற்றல் 0.1 எம்இவி என்று வைத்துக்கொள்வோம். உந்தம் 13.9 எம்இவி, அளவு 14 ஃபெர்மிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு புரோட்டானின் ஆரம் 0.84 ஃபெர்மி என்பதை நினைத்துக்கொண்டு இந்த 14-ஐப் பாருங்கள். நான்கே குவார்க் உள்ள ஒரு சமாச்சாரம், ஈய அணுக்கருவின் அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது! இவ்வளவு தூரத்தில் குவார்க்குகள் ஒரே உருண்டையாக இருக்க வாய்ப்பில்லை என்று மனசு சொல்லும், சரிதான், ஆனால் இந்த எண் வந்தது நாம் மூலக்கூறு என்று முதலிலேயே எடுத்துக்கொண்டதால்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்றுக்கும் போட்டுப் பார்த்துவிடுங்கள். 2021-இல் எல்எச்சிபி அறிவித்த இரட்டைச் சார்ம் டெட்ராகுவார்க்: இரண்டு சார்ம் குவார்க், ஓர் அப் எதிர்க்குவார்க், ஒரு டவுன் எதிர்க்குவார்க். சார்ம் எதிர்க்குவார்க் உள்ளே எதுவும் இல்லாததால் இதைச் சார்மோனியம் (ஒரு சார்ம், ஒரு சார்ம் எதிர்க்குவார்க் சேர்ந்த மீசான்) என்று தட்டிக்கழிக்கவே முடியாது. மின்சுமை உள்ள டி-ஸ்டாரும் மின்சுமை இல்லாத டியும் சேரும் வாசலுக்கு 0.36 எம்இவி கீழே இதன் துருவம், அதாவது சிதறல் வீச்சு முடிவிலியாகும் ஆற்றல்; துகளின் இடம் அதுதான். சுருக்கிய நிறை 967.4. கணக்குப் போட்டால் சுமார் 7.5 ஃபெர்மி. எல்எச்சிபி தன் தரவிலிருந்து எடுத்த சிதறல் நீளத்தின் (மிகக் குறைந்த ஆற்றலில் சிதறலின் வலிமையைச் சொல்லும் நீளம்) அளவு 7.2 ஃபெர்மிக்குக் கிட்டே இருக்கிறது. பேப்பரும் பேனாவும் வைத்துப் போட்ட கணக்கு பெரிய பகுப்பாய்வோடு இவ்வளவு ஒத்துப்போவதை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும்.

இப்போது விசை

இதுவரை விசை என்று எதையும் தொடவில்லை. இனிமேல்தான் கோட்பாடு. வழிகள் இரண்டு. மீசான்கள் ஒன்றுக்கொன்று பையான், சிக்மா, ரோ, ஒமேகா என்ற லேசான மீசான்களைப் பரிமாறிக்கொள்வதாக வைத்து விசையைக் கட்டுவது பழைய வழி. அணுக்கரு விசையிலிருந்து வந்த அந்த மரபு 1976-இல் வோலோஷினும் ஓகுனும் சார்ம் மீசான்களுக்குக் கொண்டுவந்ததிலிருந்து தொடர்கிறது. 1990-களில் டோர்ன்க்விஸ்ட் பையான் பரிமாற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு டி, டி-ஸ்டார் பிணைப்பை முன்கூட்டியே பேசியிருந்தார். எக்ஸ் கிடைத்தது அதற்குப் பிறகுதான். இரண்டாவது வழி, குறைந்த ஆற்றலில் விசையின் உள்விவரம் எதுவும் தெரியப்போவதில்லை, ஆகவே அதை ஒரே ஒரு மாறிலியாக வைத்துவிடலாம் என்பது. தொட்டால் மட்டும் வேலை செய்யும் விசை, தொடுவிசை.

முதலில் தொடுவிசையில் தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை. பையானோடு தொடங்கியவர்கள் ஆறு மாதம் பிளஸ்-மைனஸ் குறிப் பிழைகளில் புரள்வதைப் பார்த்திருக்கிறேன். நானும் புரண்டவன்தான். டி, டி-ஸ்டார்-பார் சேர்க்கையில் சார்ஜ் பாரிட்டி பிளஸ் வர இரண்டு உறுப்புகளுக்கு நடுவே கூட்டலா கழித்தலா என்பது, டி-ஸ்டார் மீது சார்ஜ் மாற்றச் செயலி எந்தக் குறியோடு இயங்கும் என்று நீங்கள் எடுத்துக்கொண்ட மரபைப் பொறுத்தது. அலைச்சார்பில் ஒரு மரபு, லக்ராஞ்சியனில் இன்னொரு மரபு என்று கலந்துவிட்டால் பையான் விசை தலைகீழாகிவிடும்: ஈர்ப்பு விலக்கமாகும், பிணையாத நிலை பிணையும். எனக்கு அப்படித்தான் சார்ஜ் பாரிட்டி மைனஸில் ஓர் அழகான பிணைப்பு நிலை கிடைத்தது, இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

சரி, தொடுவிசைக் கணக்கு. லிப்மன்-ஷ்விங்கர் சமன்பாட்டில் விசை வெறும் மாறிலி என்றால் தொகையீடு தனியே கழன்று வந்துவிடும், பிணைப்பு நிலைக்கான நிபந்தனை ஒரே வரி. ஆனால் அந்தத் தொகையீடு பெரிய உந்தத்தில் முடிவிலிக்கு ஓடும், எங்கேயாவது வெட்ட வேண்டும். வெட்டும் இடம்தான் கட்-ஆஃப். வெட்டிய பிறகு கிடைப்பது:

விசை மாறிலி = −பை² ÷ {சுருக்கிய நிறை × [கட்-ஆஃப் − பிணைப்பு உந்தம் × ஆர்க்டான்(கட்-ஆஃப் ÷ பிணைப்பு உந்தம்)]}

எக்ஸுக்கு எண் போடுவோம். கட்-ஆஃப் 500 எம்இவி, பிணைப்பு உந்தம் 13.9. சதுர அடைப்புக்குள் 478.6 வரும். விசை மாறிலி −21.3, அலகு ஒன்றின்கீழ் ஜிஇவி வர்க்கம் (ஒரு ஜிஇவி 1000 எம்இவி). இப்போது பிணைப்பு ஆற்றலைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள், அதாவது மயிரிழையில் பிணையும் நிலை: −20.4. இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் நாலரை சதவீதம். விசை நாலரை சதவீதம் குறைந்திருந்தால் எக்ஸ் என்ற பிணைப்பு நிலையே இருந்திருக்காது, வாசலுக்கு வெளியே ஒரு நிழல் மட்டும் விழுந்திருக்கும். எந்தக் கோட்பாட்டு மாதிரியும் விசையை நாலு சதவீதத் துல்லியத்தில் சொல்வதில்லை. ஆகவே, என் மாதிரியிலிருந்து எக்ஸின் நிறை 3871.6 என்று வந்தது என்று யாராவது எழுதியிருந்தால், கட்-ஆஃபை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். அந்த நிறை பெரும்பாலும் அங்கேதான் உள்ளே நுழைந்திருக்கும்.

கட்-ஆஃபை ஆட்டிப் பாருங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

சார்ம் குவார்க்கும் பாட்டம் குவார்க்கும் கனமானவை. அவற்றைச் சுற்றியிருக்கும் லேசான குவார்க்குகளுக்கு நடுவில் உள்ள கனமான குவார்க் எது என்பது பெரிதாகத் தெரியாது. கன குவார்க் சமச்சீர் என்று இதைச் சொல்வோம். இதை நம்பினால், எக்ஸிலிருந்து எடுத்த அதே விசை மாறிலியைப் பாட்டம் உலகத்துக்கும் கொண்டுபோகலாம்: டி-யில் சார்ம் இருந்த இடத்தில் பாட்டம் உள்ள பி மீசான் 5279.5, பி-ஸ்டார் 5324.7, சுருக்கிய நிறை சுமார் 2651. கனம் கூடினால் இயக்க ஆற்றல் குறையும், பிணைப்பு இறுகும் என்று ஊகிக்கலாம். எவ்வளவு இறுகும்?

அதே −21.3, அதே 500 கட்-ஆஃப். சமன்பாட்டை இப்போது எதிர்ப்பக்கமாகத் தீர்க்க வேண்டும், பைத்தானில் ஒரு மூலம் தேடும் நிரல் போதும். பிணைப்பு உந்தம் 329, பிணைப்பு ஆற்றல் சுமார் 20 எம்இவி. அப்பாடா, ஒரு முன்னறிவிப்பு கையில் வந்துவிட்டது.

இப்போது கட்-ஆஃபை 1000 ஆக்குங்கள். எக்ஸின் பிணைப்பு 0.1 என்றே வரும்படி விசை மாறிலியை மறுபடி கணக்கிட வேண்டும், இதை மறந்துவிட்டு மாறிலியை அப்படியே வைத்துக்கொண்டு கட்-ஆஃபை மட்டும் மாற்றுவது ரொம்ப சகஜமான பிழை. புது மாறிலி −10.4. பாட்டத்துக்குக் கொண்டுபோனால் பிணைப்பு சுமார் 78 எம்இவி.

20-உம் 78-உம்! எக்ஸில் ஒரே பதிலைத் தந்த இரண்டு கட்-ஆஃப்கள் பாட்டத்தில் நாலு மடங்கு வித்தியாசம் காட்டுகின்றன. காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். எக்ஸின் பிணைப்பு உந்தம் 14, பையானின் நிறையான 140-க்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை, அதனால் அதற்கு உள்விவரம் தெரியாது, கட்-ஆஃபும் தெரியாது. பாட்டத்தில் உந்தம் 300-ஐத் தாண்டிவிட்டது. 1000 கட்-ஆஃபில் அது 640-க்கும் மேலே போகிறது. அங்கே தொடுவிசை என்ற எளிமையே செல்லாது, எந்த எண் வந்தாலும் அது கட்-ஆஃபின் குரல்தான். இந்தக் கணக்கிலிருந்து நேர்மையாக எழுதக்கூடியது இவ்வளவுதான்: பாட்டம் இணை ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம், வாசலுக்குக் கீழே சில பத்து எம்இவி ஆழத்தில் இருக்கலாம். தசமப் புள்ளிக்குப் பிறகு எண் போட்டு எழுதினால் நடுவர் உங்களை விடமாட்டார், விடவும் கூடாது.

இந்தப் பாட்டம் இணையைத் தேடியும் பார்த்தார்கள். எல்எச்சியில் சிஎம்எஸ், அட்லஸ் குழுக்கள் இரண்டும் உப்சிலானோடு (பாட்டமும் பாட்டம் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த மீசான்) இரண்டு பையான் வரும் சிதைவில் பார்த்தன, எதுவும் அகப்படவில்லை. ஆனால் அந்தச் சிதைவில் தேடியது எக்ஸின் பழக்கத்தை வைத்து. எக்ஸ் அதே போல ஜே-சை என்ற சார்மோனியத்தோடு இரண்டு பையானாகச் சிதைவதே ஐசோஸ்பின் விதியை (அப், டவுன் குவார்க்குகளுக்கு இடையிலான சமச்சீர்) மீறித்தான். டி, டி-ஸ்டார் மின்சுமை உள்ள ஜோடியின் வாசல் மின்சுமை இல்லாத ஜோடியின் வாசலைவிட 8.2 எம்இவி உயரத்தில் இருக்கிறது. எக்ஸ் கீழ் வாசலை ஒட்டியே நிற்பதால் தூரத்தில் அதற்கு மின்சுமை இல்லாத ஜோடி மட்டுமே தெரியும், ஐசோஸ்பின் கலந்துவிடும், ஜே-சையோடு ரோ வருவதும் (அது இரண்டு பையானாகும்) ஒமேகா வருவதும் (அது மூன்று பையானாகும்) ஒப்பிடத்தக்க அளவில் நடக்கும். பாட்டம் மீசான்களில் மின்சுமை உள்ளதற்கும் இல்லாததற்கும் நிறை வித்தியாசம் மிகக் குறைவு, பிணைப்போ ஆழம். ஐசோஸ்பின் கலக்க வழியில்லை. உப்சிலானோடு மூன்று பையான் வரும் வழியில் தேட வேண்டும்.

பையானைச் சேர்க்கும்போது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், முழுக்கச் சொன்னால் தனிக் கட்டுரையாகும். இரண்டு டி மீசான்கள் தங்களுக்குள் ஒற்றைப் பையானைப் பரிமாற முடியாது, பாரிட்டி விடாது. டி ஒரு பையானை உமிழ்ந்து டி-ஸ்டார் ஆகலாம், டி-ஸ்டார் டி ஆகலாம், அதனால் டி, டி-ஸ்டார் ஜோடியில் பையான் பரிமாற்றம் நடக்கும்போது இருவரும் வேஷம் மாற்றிக்கொள்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டி-ஸ்டாருக்கும் டிக்கும் நிறை வித்தியாசம் 142, நடுநிலைப் பையானின் நிறை 135. பரிமாறப்படும் பையான் கிட்டத்தட்ட நிஜப் பையானாகவே வெளியே வந்துவிடக்கூடியது. வழக்கமான யுகாவா விசை 1.4 ஃபெர்மியில் அடங்கிவிடும் என்ற பாடம் இங்கே செல்லாது, விசை நீண்டு அலையாடும், டி, டி-பார், பையான் என்ற மூன்று துகள் நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டிவரும். நீளம் அதிகம் என்பதால் வலிமையும் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பையான் பலவீனமானது. எக்ஸைப் பொறுத்தவரை அதைச் சிறு திருத்தமாக நடத்தலாம் என்று 2007-லேயே காட்டிவிட்டார்கள்.

பையான் விசையின் மையப் பகுதியில் ஒரு டெல்டா சார்பு ஒளிந்திருக்கும், அதைக் கட்-ஆஃப் பரப்பிவிடும்போது குட்டையான தூரத்தில் பெரிய ஈர்ப்பாகவோ விலக்கமாகவோ தலைதூக்கும். உங்கள் பிணைப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிய அந்த டெல்டாவை ஒருமுறை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிணைப்பு மறைந்துவிட்டால், பையான் பிணைத்தது என்று எழுதாதீர்கள்.

லாட்டிஸ் கணக்குகளை (வெளி-காலத்தைக் கட்டங்களாக்கிக் கணினியில் போடுபவை) ஒப்பிடும்போதும் பையானைக் கவனியுங்கள். இரட்டைச் சார்ம் துகளுக்கு 2022-இல் பத்மநாத்தும் பிரெலோவ்செக்கும் செய்த லாட்டிஸ் கணக்கில் பையானின் நிறை 280, இயற்கையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. அங்கே டி-ஸ்டார் சிதையவே சிதையாது, கிடைத்ததும் பிணைப்பு நிலை இல்லை, மெய்நிகர் நிலை, அதாவது ஈர்ப்பு இருந்தும் பிணையக் கொஞ்சம் போதாத நிலை. அந்த இரண்டு பேரில் முதலாமவர் இப்போது சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இருக்கிறார் என்பது இந்தத் துறைக்கு வர நினைக்கும் தமிழ்நாட்டு மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

மூலக்கூறின் பங்கு எவ்வளவு?

ஒரே குவாண்டம் எண்கள் இருந்தால் மூலக்கூறும் உருண்டையும் கலக்கத்தான் செய்யும். ஆகவே சரியான கேள்வி எவ்வளவு பங்கு என்பது. 1965-இல் வைன்பெர்க் டியூட்டிரானுக்காகப் போட்ட வழி இன்றும் முதல் ஆயுதம். பிணைப்பு ஆற்றலிலிருந்து வந்த அளவோடு சிதறல் நீளத்தையும் செயல் நெடுக்கத்தையும் (எஃபெக்டிவ் ரேஞ்ச், சிதறல் ஆற்றலோடு எப்படி மாறுகிறது என்று சொல்லும் நீளம்) ஒப்பிடுவார். முழு மூலக்கூறு என்றால் சிதறல் நீளம் அந்த அளவுக்குச் சமமாக இருக்கும், செயல் நெடுக்கம் விசையின் நெடுக்கம் அளவுக்குச் சிறியதாக இருக்கும். உருண்டையின் பங்கு கூடக்கூடச் சிதறல் நீளம் சுருங்கும், செயல் நெடுக்கம் பெரிய மைனஸ் எண்ணாகப் போகும்.

டியூட்டிரானுக்கு அளவு 4.32 ஃபெர்மி, சிதறல் நீளம் 5.42, செயல் நெடுக்கம் பிளஸ் 1.75. விசையின் நெடுக்கம் 1.4 ஃபெர்மி வரை பிசகு இருக்கலாம் என்பதால் இது அச்சு அசலாக மூலக்கூறு. எக்ஸுக்கு இதைச் செய்யும்போது, மின்சுமை உள்ள ஜோடியின் வாசல் 8.2 எம்இவி மேலே இருப்பது மட்டுமே செயல் நெடுக்கத்தில் சுமார் மைனஸ் ஒன்றரை ஃபெர்மியைச் சேர்த்துவிடுகிறது. அது உருண்டையின் கைவேலை இல்லை. அதைக் கழிக்காமல், மைனஸ் வந்துவிட்டது, ஆகவே டெட்ராகுவார்க் என்று முடிவு கட்டினால் தவறு.

சிதைவு விகிதங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்வதிலும் இதே கண்ணி இருக்கிறது. எக்ஸ் ஒரு ஃபோட்டானை உமிழ்ந்து சை(2எஸ்) என்ற கனமான சார்மோனியம் ஆவதற்கும் ஜே-சை ஆவதற்கும் உள்ள விகிதம் 1.67 என்று எல்எச்சிபி 2024-இல் சொன்னது. வெறும் மூலக்கூறு என்றால் இது ஒன்றுக்கு நன்றாகக் கீழே வரும் என்று சில மாதிரிகள் சொல்லியிருந்தன. மூலக்கூறு செத்தது என்று சிலர் கிளம்பினார்கள். இந்தச் சிதைவு நடப்பது சார்ம் குவார்க்கும் சார்ம் எதிர்க்குவார்க்கும் நெருங்கி வரும் குட்டைத் தூரத்தில். 14 ஃபெர்மிக்குப் பரந்த வாலை அது தொட்டே பார்ப்பதில்லை. உள்ளே கொஞ்சம் சார்மோனியம் கலந்திருக்கிறது என்பதற்குச் சாட்சியாக அதை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதனிடம் கேட்பது நியாயமில்லை.

தரவில் ஒரு முகடு தெரிந்தால் அதற்கு ப்ரைட்-விக்னர் என்ற வழக்கமான ஒற்றை முகட்டு வளைவைப் பொருத்திவிட்டு ஓடாதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். வாசலுக்குப் பக்கத்தில் அந்த வளைவு செல்லாது, வாசலையும் கணக்கில் எடுக்கும் ஃபிளாட்டே வடிவமோ முழுச் சிதறல் வீச்சோ வேண்டும். முகடு என்பது துருவமே இல்லாமலும் வரலாம். 2015-இல் எல்எச்சிபி 4450-இல் ஒரு பென்டாகுவார்க்கை (ஐந்து குவார்க் துகள்) அறிவித்தபோது, கை-சி-ஒன்று என்ற சார்மோனியமும் புரோட்டானும் சேரும் வாசல் 4449-இல் இருப்பதைக் கண்டு, இது முக்கோண ஒருமையால் (இடையில் மூன்று துகள்கள் முக்கோணமாக மறுசிதறும்போது வரும் விளைவு) வரும் பொய் முகடாக இருக்கலாமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பத்து மடங்கு தரவோடு 2019-இல் திரும்பிப் பார்த்தபோது அந்த முகடு 4440, 4457 என்று இரண்டாகப் பிரிந்தது, கூடவே 4312-இல் புதிதாக ஒன்றும் எழுந்தது.

கடைசியாக ஒரு பயிற்சி

அந்த மூன்றும்தான் உங்களுக்கு வீட்டுப்பாடம். சார்ம் உள்ள சிக்மா-சி பேரியானும் டி-பாரும் சேரும் வாசல் சராசரியாக 4320.7. சிக்மா-சியும் டி-பார்-ஸ்டாரும் சேர்ந்தால் 4462. முதல் ஜோடிக்கு ஸ்பின் அரை மட்டும்தான் வரும், இரண்டாவதற்கு அரையும் வரும் ஒன்றரையும் வரும். கன குவார்க் சமச்சீர்ப்படி மூன்று விசைகளையும் இரண்டே மாறிலிகளால் எழுதலாம். எழுதினால் முதல் ஜோடியின் விசை, மற்ற இரண்டின் எடையிட்ட சராசரியாக வந்து நிற்கும்: ஸ்பின் அரைக்கு எடை மூன்றில் ஒன்று, ஸ்பின் ஒன்றரைக்கு மூன்றில் இரண்டு. ஆக 4440-ஐயும் 4457-ஐயும் உள்ளே கொடுத்தால் 4312 தானாக வெளியே வர வேண்டும்.

இரண்டில் யாருக்கு அரை, யாருக்கு ஒன்றரை? தெரியாது, எல்எச்சிபி அதை அளந்து சொல்லவில்லை. இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். கட்-ஆஃப் 1000, மேலே கொடுத்த அதே சமன்பாடு. 4440-க்கு அரை என்று வைத்தால் எனக்கு 4314 வருகிறது. மாற்றி வைத்தால் 4309. அளந்த நிறை 4311.9, இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு யார் பக்கமும் சாயாமல் இருக்கிறது. கட்-ஆஃபை 500 ஆக்கி நீங்கள் ஒருமுறை போடுங்கள், எது எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சிக்மா-சிக்குப் பதிலாக அதன் ஸ்பின் ஒன்றரை வடிவமான சிக்மா-சி-ஸ்டாரை வைத்தால் இன்னும் நான்கு நிலைகள் வரும், மொத்தம் ஏழு. அந்த நான்கின் நிறைகளையும் இரண்டு விதத்திலும் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த நிலையை அளந்தால் இந்த வழக்கு தீரும் என்பது அட்டவணையிலேயே தெரிந்துவிடும்.